கிளினிக்கல் சைக்காலஜி: சென்னையில் பயிற்சி, முனைவர் பட்டம், முதல் வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் எம்.ஃபில். முடித்துப் பதிவு பெற்றபின், சென்னையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்கிறேன். கட்டணம், விண்ணப்பத் தேதி எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும். அவற்றை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎச்.டி. முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாமா?

அது மட்டும் போதாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விஷயம் தெரியாமல் நான்கைந்து வருடத்தைக் கொடுத்துவிட்டு, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் மனச்சோர்வு பற்றியே ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினாலும் அது ஆய்வுப் பட்டம்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக நோயாளியைப் பார்த்து, டெஸ்ட் செய்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட சட்டம் வேறு தகுதி கேட்கிறது.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, அந்தக் கவுன்சில் (எல்லோரும் ஆர்.சி.ஐ. என்பார்கள்) அங்கீகரித்த படிப்பை, அது அங்கீகரித்த இடத்தில் முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே அங்கீகாரத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. எம்.ஃபில். பற்றிப் பேசும் இடத்தில், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டு வருட முழுநேரப் படிப்பு என்று விளக்கமாகவே எழுதியிருக்கிறது. வார இறுதி வகுப்போ ஆன்லைன் சான்றிதழோ இதற்கு ஈடாகாது.

பிஎச்.டி. வீண் என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் வேலைக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் அது வேண்டும். நோயாளிகளோடு சில காலம் வேலை செய்தவருக்குத்தான் நல்ல ஆய்வுக் கேள்வியும் கிடைக்கும். அதனால் முதலில் மருத்துவமனைப் பயிற்சி, பதிவு, அப்புறம் பிஎச்.டி. என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

எம்.ஃபில்.ஐ யு.ஜி.சி. நிறுத்திவிட்டதாமே, இப்போது எந்த வழி?

2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளோடு எம்.ஃபில். பொதுவாகவே போய்விட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை செல்லும் என்று 2024 ஜனவரியில் விலக்கு கொடுத்தார்கள். அதற்குள் முறையாகச் சேர்ந்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சை.டி. என்ற நான்கு வருட முனைவர் படிப்பும் உண்டு. மருத்துவமனைப் பயிற்சியும் ஆய்வும் அதிலேயே சேர்ந்து வரும்.

இனி சேரப்போகிறவர்கள் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்த வருடப் பட்டியலைத் திறந்து, படிப்பின் பெயர், நிறுவனத்தின் பெயர், அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். சேர்க்கை அலுவலகத்தில், 'அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்' என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

சென்னையில் எங்கே படிக்கலாம்?

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தேசியப் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் ஆகியவை எம்.ஃபில். நடத்தி வந்த இடங்கள். மூன்றிலும் வரும் நோயாளிகள் வேறு வேறு. பெரிய பொது மருத்துவமனை என்றால் நரம்பியல், இதயம், புற்றுநோய்ப் பிரிவுகளிலிருந்தும் ஆட்களை அனுப்புவார்கள். முட்டுக்காட்டில் குழந்தைகளையும் குறைபாடுகளோடு வாழ்பவர்களையும் நிறையப் பார்க்கலாம். எது உங்களுக்கு வேண்டும் என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

வெளியூர் போக முடியும் என்றால் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுக்கும் விண்ணப்பியுங்கள். நாட்டில் இந்தப் பயிற்சி முதலில் தொடங்கியது அங்கேதான், 1950களில்.

நுழைவுத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வில் மனநோயியல், புள்ளியியல், உளவியல் சோதனைகள் வரும். நேர்காணலில் நீங்கள் இன்டர்ன்ஷிப்பில் பார்த்த ஒரு கேஸைப் பற்றித் தோண்டித் துருவிக் கேட்பார்கள். ஒன்றே ஒன்று என்றாலும் உண்மையில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பயிற்சியில் தினமும் என்னதான் செய்வீர்கள்?

காலையில் ஓ.பி. சீட்டோடு வருபவரையும் கூட வந்தவரையும் உட்கார வைத்துக் கேஸ் ஹிஸ்டரி எடுப்பது, அவருடைய மனநிலையைப் பரிசோதிப்பது, தேவையான டெஸ்ட் செய்வது. மதியத்துக்கு மேல் ரிப்போர்ட், சிகிச்சை அமர்வுகள், கேஸ் கான்ஃபரன்ஸ். இரவில் படிப்பு, தீசிஸ். முதல் ஆறு மாதம் எழுதி எழுதிக் கை வலிக்கும்.

டெஸ்ட் என்றதும் எல்லோரும், என்ன தெரிகிறது என்று காட்டிக் கேட்கும் மைக்கறைப் படங்களைத்தான் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் அதிகம் நடப்பது குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனை. செகுவின் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மரப்பலகை, அதில் பத்து வடிவக் குழிகள், அவற்றில் பொருந்தும் பத்துக் கட்டைகள். மூன்று முறை வைக்கச் சொல்லி, இருப்பதிலேயே குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும். பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் காலம் ஆகும். குழந்தை நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழிகளைக் கண்ணால் தேடுகிறதா, இல்லை ஒவ்வொரு குழியிலும் அழுத்திப் பார்க்கிறதா? இரண்டாவது முறை முதல் முறையைவிட வேகம் கூடுகிறதா? தப்பாக வைத்ததும் தானே எடுக்கிறதா, அம்மா முகத்தைப் பார்க்கிறதா? கடிகாரத்தில் ஒரே நேரம் காட்டிய இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு விதமான உதவி தேவைப்படலாம். ரிப்போர்ட்டில் எண்ணோடு சேர்த்து இதையும் எழுதினால்தான் சிறப்புப் பள்ளி ஆசிரியருக்குப் பயன்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் தேவையும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால்தான் பல சலுகைகள். சான்றிதழ் கிடைத்தால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் பராமரிப்பு உதவித்தொகையும் பஸ் பாஸும். 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்' என்று ஒரு தாய் கெஞ்சும்போது கல்லாக நிற்கச் சொல்லவில்லை. மதிப்பெண்ணை மாற்றக் கூடாது. ஆனால் அன்று குழந்தைக்குக் காய்ச்சலா, சாப்பிட்டதா, ஊரிலிருந்து இரவெல்லாம் பயணமா என்று கேட்டு, தேவைப்பட்டால் வேறொரு நாள் மறுபடி சோதிக்கலாம். எந்தச் சலுகைக்கு எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எப்படி நோயாளியிடம் பேசுவது?

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பாடப்புத்தகம் முழுக்க ஆங்கிலம். திருவள்ளூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவரிடம் 'மனச்சோர்வு இருக்கிறதா?' என்று கேட்டால் 'அதெல்லாம் இல்லங்க' என்றுதான் பதில் வரும். அவர் வார்த்தைகள் வேறு: நெஞ்சு பாரமா இருக்கு, சாப்பாடு இறங்கல, உடம்பெல்லாம் அசதி, விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. இவற்றைப் பொறுமையாகக் கேட்டாலே மனச்சோர்வின் அறிகுறிகள் முக்கால்வாசி வந்துவிடும்.

குரல் கேட்பது பற்றிய கேள்வியும் அப்படித்தான். கணவரை இழந்த பாட்டியிடம், 'தனியா இருக்கிறப்போ யாராவது பேசுற மாதிரி காதுல விழுதாம்மா?' என்று கேட்டால், 'ஆமா, அவரு கூப்பிடுவாரு' என்பார். அதோடு நிறுத்திவிட்டு 'மாயக்குரல் உண்டு' என்று எழுதினால் ஒரு துக்கத்தை மனச்சிதைவு என்று முத்திரை குத்தியதாகிவிடும். எப்போது கூப்பிடுகிறார், என்ன சொல்கிறார், கேட்டால் பயமா ஆறுதலா, இறந்து எத்தனை நாள் ஆகிறது என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். இதைத் தமிழில் இயல்பாகக் கேட்க வாய் பழக வேண்டும்.

சிந்தனைத் திறனைப் பார்க்கப் பழமொழிக்குப் பொருள் கேட்போம். 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்றால் என்ன? ஒருவர் 'விடாம முயற்சி பண்ணணும்' என்பார். இன்னொருவர் 'ஆமா, அம்மி கனம், ஆனா தள்ளினா நகரும்' என்பார். இரண்டாவது பதிலைக் கேட்டதும் குறைபாடு என்று எழுத அவசரப்பட வேண்டாம். எவ்வளவு படித்தவர், எந்த மொழிக்காரர், இந்தப் பழமொழியை முன்பே கேட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சவுகார்பேட்டையில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி வேறு, செங்கல்பட்டு விவசாயிக்கு வேறு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தடுமாறுபவர், நூறு ரூபாய் கொடுத்து 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்.

இன்னொன்று: யாரையும் 'நீ' என்று கூப்பிடாதீர்கள். வார்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்து நமக்கும் பழகிவிடும். அம்மா, ஐயா, அண்ணா, அக்கா, வயது குறைந்தவரென்றாலும் 'நீங்க'. நோய் வந்த நாளிலிருந்து வீட்டிலும் மரியாதை குறைந்துபோனவர்களுக்கு இது சிறிய விஷயமே இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க எதை முதலில் பார்க்க வேண்டும்?

அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? சரி, அப்புறம் பார்க்க வேண்டியது கட்டடத்தையும் தரவரிசையையும் அல்ல, உங்களை யார் மேற்பார்வை செய்வார்கள் என்பதை. இந்தத் தொழிலைப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது. நீங்கள் ஒரு நோயாளியோடு இருந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு அனுபவசாலி உங்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தால்தான் வரும்.

ஒரு பயிற்சி மாணவர் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். நல்ல சூப்பர்வைசர் அந்த வரியை விடமாட்டார். 'என்ன செய்தார்? வாயே திறக்கலையா, எழுந்து போயிட்டாரா, கேட்டதுக்கு வேற பதில் சொன்னாரா? நீங்க அப்போ என்ன கேட்டீங்க? அவர் மனைவி பக்கத்தில் இருந்தாங்களா?' என்று கேட்பார். மனைவி எதிரில் குடியைப் பற்றிக் கேட்டதால் அவர் மௌனமானார் என்று அப்போதுதான் தெரியவரும். அடுத்த நாள் அவரைத் தனியாகப் பார்த்தால் பேசுவார்.

இப்படிப்பட்ட மேற்பார்வை அங்கே நடக்கிறதா என்பதைத் தற்போது படிக்கும் மாணவர்களிடம் கேன்டீனில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களோடு உட்காருகிறார்? அமர்வின் ஒலிப்பதிவை (நோயாளி சம்மதித்தால்) கேட்கிறாரா? ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் படிக்கிறாரா? 'சார் ரொம்ப பிசி, சீனியர்தான் சொல்லிக்கொடுப்பாங்க' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் வேறு இடம் பாருங்கள். பெரிய பெயர் கொண்ட இடத்தில் தனித்து விடப்படுவதைவிட, பெயர் தெரியாத இடத்தில் நல்ல ஆசிரியரிடம் இருப்பது மேல் என்பது என் தீர்மானமான கருத்து. பிஎச்.டி. கைடு விஷயத்திலும் இதையேதான் சொல்வேன்.

நோயாளி சொன்ன ரகசியத்தை யாரிடமும் சொல்லவே கூடாதா?

ரகசியம் காப்பது 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி நோயாளியின் உரிமை. சிகிச்சைக் குழுவோடு பகிரலாம். உயிருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்றாலும், நீதிமன்றம் கேட்டாலும் விலக்கு உண்டு. 18 வயதுக்குட்பட்ட குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானது தெரிந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பயிற்சி மாணவர் என்பதால் விலக்கில்லை. முதல் அமர்விலேயே இந்த எல்லைகளை எளிய தமிழில் சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பார்கள்.

தற்கொலைக்கு முயன்றவரின் குடும்பம் 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து, 'தெரியாம மருந்து மாறிப் போச்சு' என்று சொல்லும். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. இதைச் சொன்ன பிறகு பல குடும்பங்கள் மனம்விட்டுப் பேசும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்விட்டு வருபவர்களிடம் என்ன சொல்வது?

குணசீலத்துக்குப் போனோம், மந்திரித்துத் தாயத்து கட்டினோம் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். தவிப்பில் இருக்கும் குடும்பம் தெரிந்த கதவை எல்லாம் தட்டும். போய்வந்ததும் மனசுக்குத் தெம்பாக இருந்ததா என்று கேளுங்கள், மாத்திரையை நிறுத்தினார்களா என்றும் கேளுங்கள். சங்கிலி மட்டும் வேறு விஷயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டமே தடைசெய்கிறது. அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும்.

பிஎச்.டி. எத்தனை வருடம்? பணத்துக்கு என்ன செய்வது?

யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, நீட்டிப்பு உண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் நீட்டிப்பும், பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பின் 42,000. கிடைக்காதவர்கள் வேலை பார்த்துக்கொண்டேதான் செய்கிறார்கள். தனியார் இடங்களில் மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை இல்லாமல் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். வீட்டில் இதை மறைக்காமல் பேசிவிடுங்கள்.

தலைப்பைப் பொறுத்தவரை சென்னையிலேயே கிடைக்கும் கேள்வியை எடுங்கள். 1980களின் தொடக்கத்தில் முதன்முறை மனச்சிதைவு நோய் வந்த 90 பேரைச் சேர்த்து, அவர்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு இந்த ஊரில் நடந்ததுதான். அதை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, முதல் ஆளைச் சேர்க்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிந்துவிடுங்கள். ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

நாள் முழுக்க மற்றவர் கஷ்டத்தைக் கேட்டால் நம் மனசு என்னாகும்?

பாதிக்கும். பாதிக்காத மாதிரி நடிக்கச் சொல்லித்தரும் இடத்தை நம்பாதீர்கள். தூக்கம் கெடுவது, வீட்டில் எரிந்து விழுவது, ஒரு நோயாளியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவது, இவை தெரிந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். சிகிச்சையில் இருந்தவர் உயிரை மாய்த்துக்கொண்டால் அந்த வாரத்தைத் தனியாகக் கடக்க முயலாதீர்கள். நீங்களே ஒரு தெரபிஸ்டிடம் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரவு நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் 14416 எண் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். முதல் வேலையின் சம்பளம் படித்த வருடங்களுக்கு ஏற்றதாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம், குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், தனியார் மருத்துவமனைகள், போதை மறுவாழ்வு மையங்கள், சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் பணி என்று இடங்கள் உள்ளன. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் பள்ளி, கல்லூரிப் பக்கமும் தேவை கூடும்.

பதிவு கிடைத்த மறுநாளே அண்ணா நகரில் தனி கிளினிக் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். குறைந்தது இரண்டு வருடமாவது மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் ஒரு குழுவில் வேலை செய்யுங்கள். மருந்து எழுத நமக்கு அதிகாரம் கிடையாது. எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைக் குழுவில் இருந்துதான் கற்க முடியும். தனியாகத் தொடங்கிய பிறகும் மாதம் ஒரு முறையாவது பணம் கொடுத்து மேற்பார்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் ஆனதும் பெயருக்கு முன் 'டாக்டர்' போடலாமா?

போடலாம். நோயாளியிடம் மட்டும் 'நான் மாத்திரை எழுதுற டாக்டர் இல்லம்மா' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மகளைக் கீழ்ப்பாக்கத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறதே?

இந்தப் பயத்தைப் பல அம்மாக்களிடம் கேட்டிருக்கிறேன். 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய அரசு மனநல மருத்துவமனை அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதை நடத்தினார். மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பையும் 1984இல் அவரே தொடங்கினார். வார்டில் செவிலியர், உதவியாளர், சீனியர்கள் கூடவே இருப்பார்கள். அங்கே இருப்பவர்களில் பலர் யாராவது வந்து பேசமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள். பாதுகாப்பு விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவது, தனி அறையில் முதல்முறை பார்க்கும்போது வெளியே ஒருவரை இருக்கச் சொல்வது போன்றவை. ஒரு நாள் நீங்களும் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சேருவதற்கு முன் இது எனக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொஞ்ச காலம் பக்கத்தில் இருந்து பாருங்கள். 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா, தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தற்கொலைத் தடுப்புப் பணியில் ஈடுபடுத்துகிறது. வீடற்ற, மனநோயுள்ள பெண்களுக்காக 1993இல் தொடங்கிய பான்யன், மாற்றுத்திறனாளிகளுக்காகக் கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் போன்ற இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள் வீதம் ஆறு மாதம் தொடர்ந்து போக முடிகிறதா என்று பாருங்கள். ஒரே கதையை நான்காவது முறை சொல்பவரிடம் பொறுமையாக உட்கார முடிந்தால் விண்ணப்பம் போடுங்கள். முடியவில்லை என்றால் ஆய்வு, பள்ளி உளவியல், நிறுவன உளவியல் என்று வேறு நல்ல வழிகள் இருக்கின்றன; அவற்றுக்கு ஆர்.சி.ஐ. பதிவும் தேவையில்லை.